ஸோவுக்கும் லாவுக்கும் நடுவில்

"யாரு அங்க சுருதி விட்டுப் பாடுறது?"

இருபத்திரண்டு வருடங்களாக இந்த ஒரு வாக்கியத்தை நான் வளர்த்து வருகிறேன். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். இது போகவில்லை. துணி மடிக்கும்போது கூடவே இருக்கிறது. மன்னார்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாராவது என்னைப் பார்த்து "நீங்க ரொம்ப சாதுங்க" என்று சொல்லும்போதெல்லாம் உள்ளே அது பல் துலக்கிக்கொள்ளும்.

சொன்னவர் எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில், இரண்டு பக்கமும் வயல் வைத்த ஒரு சின்ன லுத்தரன் கோயில் எங்களுடையது. சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி. நான் ஆல்ட்டோ, பெண் குரல்களில் கீழ் வரிசை.

ஆல்ட்டோ பாடுகிறவளுக்கு மெட்டு கிடையாது. மெட்டு மேல் குரலில் பாடுகிற சொப்ரானோக்களுக்கு. வீட்டுக்குப் போகும்போது முணுமுணுக்க அவர்களுக்கு ஏதாவது இருக்கும். பேஸ் பாடும் ஆண்களுக்குக் கனம் இருக்கும். நாங்கள் நடுவில், மூன்று நான்கு சுரங்களுக்குள், அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருப்போம். நாங்கள் பாடுவது யாருக்கும் கேட்காது. நாங்கள் நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

அந்த டிசம்பரில் ஒரு பழைய ஞானப்பாட்டு. கடைசி அடி எங்களுக்கு ஸோவில், சரிகமபதநியில் சொன்னால் 'ப'வில், முடியும். ஆமென் அதற்கு அடுத்த லாவில், அதாவது 'த'வில், தொடங்கித் திரும்ப ஸோவுக்கு வந்து உட்காரும். ஸோவிலிருந்து லாவுக்கு ஒரே எட்டு. எல்லோரும் எட்டு வைத்தார்கள். என் தொண்டை வைக்கவில்லை. மேட்டு வயலிலிருந்து பள்ளத்து வயலுக்குத் தண்ணீர் போவதைப் பார்த்திருப்பீர்கள். குதிக்காது. வரப்பில் வெட்டிவிட்ட வாயில் ஒரு கணம் நின்று, ஒரு சுழி சுழித்து, பிறகுதான் அந்தப் பக்கம் போகும். என் குரலும் கீபோர்டின் இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கிற கறுப்புக் கட்டையில் ஒரு கணம் நின்று, சுழித்து, பிறகு லாவில் ஏறியது. நான் யோசித்துச் செய்யவில்லை. செய்த பிறகு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அப்போதுதான் அவர் கையைத் தட்டி நிறுத்தி அந்த வாக்கியத்தைக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதை இன்றுவரை எனக்கே நான் மன்னிக்கவில்லை.

"ஆல்ட்டோ, ஒவ்வொருத்தரா பாடுங்க."

ஏழு பேர் பாடினார்கள். எட்டாவது நான். வேண்டுமென்றே சரியாகப் பாடித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஸோ முடிந்ததும் அந்தக் கறுப்புக் கட்டை வாசலில் வந்து நின்றது. வந்ததைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. பாடினேன்.

"இது கோயிலும்மா. கச்சேரி இல்ல, சினிமா இல்ல. போயி கடைசி பெஞ்சில உக்காரு. கேட்டுக் கத்துக்க."

போனேன். அந்தக் கிறிஸ்துமஸ் முடியும்வரை கடைசி பெஞ்ச்தான். ஆல்ட்டோ பெண்கள் எட்டுப் பேரும் ஒரே மாதிரி எடுத்த நீலச் சேலை எனக்கும் தைத்த ரவிக்கையோடு தயாராக இருந்தது. அதையே கட்டிக்கொண்டு போனேன். முன்னால் ஏழு நீலச் சேலை நின்று பாடிக்கொண்டிருந்தது, பின்னால் ஒரு நீலச் சேலை உட்கார்ந்திருந்தது. வாசலில் ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். அன்று சொன்ன பொய்களும் மாஸ்டர் கணக்கில்தான் சேரும்.

இத்தோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்று வருடம் கழித்துத் திருவாரூர்ப் பக்கம் ஒரு சபையில் பல ஊர்ப் பாடகர் குழுக்கள் கூடிப் பாடும் விழா. அதே பாட்டை எடுத்தோம். மாஸ்டர் புதிதாக எழுதி ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். தாளை விரித்துக் காட்டி, சாதாரணமாகச் சொன்னார்:

"ஆல்ட்டோ, ஆமெனுக்கு முன்னாடி கவனிங்க. ஸோவுக்கும் லாவுக்கும் நடுவுல ஒரு படி வச்சிருக்கேன்."

வச்சிருக்கேன். தாளின் அடியில் 'இசை ஒழுங்கு' என்று போட்டு அவர் பெயர்.

என் பக்கத்தில் நிற்பவள் ஒரு தையற்கார அக்கா. எங்கள் எட்டுப் பேருக்கும் ரவிக்கை தைப்பவள் அவள்தான். யாருக்கு எவ்வளவு மூச்சு பிடிக்கும் என்று அளவெடுத்தே சொல்லிவிடுவாள். முழங்கையால் என்னை இடித்தாள்.

"ஏய், இது நீ பாடினதுதானே?"

"இருக்கட்டும்க்கா."

"என்ன இருக்கட்டும்? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?"

விழாவில் பாடினோம். நடுவராக வந்திருந்த பெரியவர் மேடையேறி, கடைசியில் ஆல்ட்டோவில் வந்த அந்த ஒரு சுரத்துக்காகவே இந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும் என்றார். மாஸ்டர் எழுந்து கைகூப்பினார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் நசுங்கி இருந்தது என் சுரம்.

அதற்குப் பிறகு நான் படித்தேன். பழிவாங்க நினைக்கிறவர்கள் படிக்க வேண்டும். ஒரு சின்ன கீபோர்டு வாங்கினேன். மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் யூடியூபைத் திறந்து வைத்து, யாரோ ஒருவர் ஊர்பேர் தெரியாத உச்சரிப்பில் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். என் தொண்டைக்கு வந்ததற்குப் பெயர் இருந்தது. க்ரொமாட்டிக் பாஸிங் டோன். இரண்டு சொந்தச் சுரங்களுக்கு நடுவில் கடந்து போகிற அந்நியச் சுரம். அப்ரோச் டோன் என்று இன்னொன்றும் இருந்தது. போகிற இடத்துக்கு அரைச் சுரம் முன்னால் வந்து நின்று கதவைத் தட்டுவது. இந்தச் சுரத்துக்கு அந்த வீட்டில் இடம் கிடையாது. சொத்தில் பங்கு கிடையாது. ஆனாலும் காது அதைப் பொறுத்துக்கொள்கிறது. ஏன் என்றால் அது போகிறது. அடுத்த கணம் சொந்தச் சுரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அதற்கு மன்னிப்பு.

இதைப் புரிந்துகொண்ட மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீபோர்டை அணைத்துவிட்டுச் சிரித்தேன். அப்படியென்றால் சேரவிடாமல் செய்தால் போதும். கறுப்புக் கட்டையில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டால்? மொத்த ஆமெனும் பல் கூசுகிற மாதிரி ஆகிவிடும். கோயிலே திரும்பிப் பார்க்கும். யாரு அங்க சுருதி விட்டுப் பாடுறது?

நல்ல நாளுக்காகக் காத்திருந்தேன். காத்திருப்பது ஆல்ட்டோவுக்குப் பழக்கம்தான்.

நாள் தானாகவே வந்தது. மாஸ்டருக்கு மூட்டுவலி. ஆலயத்தின் வாசற்படி ஏறுவதே சிரமம். அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையோடு பொறுப்பை விடுகிறேன் என்று அறிவித்தார். கடைசியாக அந்தப் பாட்டையே பாடலாம் என்றும் அவரே சொன்னார்.

எங்கள் குழுவில் பெரும்பாலானவர்களுக்குத் தாளைப் பார்த்துப் பாட வராது. வேலைக்குப் போகிறவர்கள் வேறு. ஒருத்தி அதிராம்பட்டினத்தில் வங்கியில் இருக்கிறாள், ஒருத்தி மஸ்கட்டிலிருந்து பண்டிகைக்கு மட்டும் வருவாள். அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவர் பாட்டை போனில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் பாடம் பண்ணுவார்கள். ஆல்ட்டோவுக்குப் பதிவுசெய்வது நான்.

சமையலறையில் நின்று பதிவுசெய்தேன். ஆமெனுக்கு முந்தைய இடம் வந்தபோது ஒரு நொடி யோசித்தேன். இங்கேயே, கறுப்புக் கட்டையில், நிறுத்திவிடலாமா? ஏழு பேரும் அதையே கற்றுக்கொண்டு வந்து நிற்பார்கள். ஆனால் இந்த வரிசைக்கு நான்தான் வாத்தியாரம்மா. இன்னொரு தொண்டைக்குத் தெரிந்தே தப்பைச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. சரியாகவே பாடினேன். சரியாகப் பாடினாலும் என்ன, அன்றைக்கு எல்லோரும் என் வாயைத்தானே பார்ப்பார்கள், நான் நின்றால் நிற்பார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டேன். லாவில் ஏறுகிற நேரத்தில் பக்கத்துக் கொல்லையில் மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் உறுமியது. அழித்துவிட்டு மறுபடி பாடினேன். இரண்டாவது முறை இன்னும் சுத்தமாக வந்தது.

மாஸ்டரைப் பற்றியும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவர் எல்லாப் பாட்டையும் வெள்ளைக் கட்டைகளிலேயே வாசிப்பவர். சுருதியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக்கொள்வார். விரல் மட்டும் அதே வெள்ளைப் பாதையில் போகும். என் சுரத்தைத் தாளில் எழுதினாரே தவிர, ஒருநாளும் அவர் அதை வாசித்து நான் பார்த்ததில்லை. நான் கறுப்பில் நின்றால் அவருக்குத் தொடர்ந்து வர வழி தெரியாது. இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பண்டிகை நாள். பலிபீடத்தைச் சுற்றிச் சம்பா கதிர்க்கட்டு, பூசணி, வாழைத்தார், கரும்பு. யாரோ காணிக்கையாகக் கொண்டுவந்த ஒரு சேவலைக் கம்பியில் கட்டியிருந்தார்கள். அது பிரசங்கம் முழுக்க இடையிடையே கூவிக்கொண்டிருந்தது. போதகர் ஒரு கட்டத்தில் நிறுத்தி, "இவர் முடிக்கட்டும், அப்புறம் நான் சொல்றேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வாயைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஆசீர்வாதத்துக்கு முன்னால் எங்கள் பாட்டு. மாஸ்டர் உட்கார்ந்தபடி இடது கையால் கீபோர்டு வாசித்து, வலது கையால் எங்களை நடத்தினார். மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தது. கடைசி அடி. ஸோ. நான் கறுப்புக் கட்டையில் ஏறினேன். எல்லோரும் ஏறினார்கள். அவர் வலது கையை உயர்த்தினார், ஆமெனுக்கு.

நான் போகவில்லை. நின்றேன்.

வரிசை போய்விட்டது.

ஏழு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸிலும் அடுப்பங்கரையிலும் தூங்கப்போகும் முன்னும் நூறு தடவை கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணிய என் குரலைப் பிடித்துக்கொண்டு, சுத்தமாக லாவில் ஏறிவிட்டார்கள். போனில் இருந்த என்னை நம்பி, பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் லாவில் இருந்தார்கள். நான் மட்டும் அரைச் சுரம் கீழே, தனியாக, ஊருக்கே கேட்கிற மாதிரி. முன் பெஞ்சில் ஒரு அம்மா கண்ணைத் திறந்து பார்த்தாள். சேவல்கூட கூவாமல் இருந்தது.

மாஸ்டர் திரும்பினார். நேராக என்னைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. வலது கையை இறக்காமல், எல்லோரையும் அந்த 'ஆ'விலேயே நிறுத்திவைத்துவிட்டு, இடது கையின் ஒரு விரலை வெள்ளையிலிருந்து எடுத்துக் கறுப்பில் வைத்தார். தேடவில்லை. தடவவில்லை. நேராக அங்கே போனது விரல். கீழே சேர்ந்து ஒலித்த சுரங்கள், அந்தக் கோர்டு, பிரகாசமான மேஜரிலிருந்து சோகமான மைனருக்கு மாறியது. வெளிச்சத்தில் மேகம் வந்த மாதிரி. என் தனிச் சுரத்துக்குக் கீழே திடீரென்று ஒரு தரை. காதால் மட்டும் பாடிப் பழகிய என் வரிசை அதைக் கேட்டு, ஒவ்வொருத்தியாக லாவிலிருந்து வழுக்கி இறங்கி என் சுரத்தில் வந்து சேர்ந்தாள். தையற்கார அக்கா கடைசியில் வந்தாள்.

பிறகு அவர் கையை மெதுவாக இறக்கினார். மேன். நான் போகக்கூடாது என்று இருந்தேன். ஆனால் அரைச் சுரம் என்பது ஒரு சாய்வு. மேலே போக மறுத்தால் கீழே இழுக்கும். என்னைக் கேட்காமலே என் தொண்டை ஸோவுக்கு இறங்கி வந்து உட்கார்ந்தது.

கோயிலில் விசும்பல். போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பந்தியில் எல்லோருக்கும் அதே பேச்சு. போதகரின் மனைவி மாஸ்டரிடம் வந்து, "அந்தக் கடைசி ஆமென்ல உருக வச்சிட்டீங்க மாஸ்டர். எப்படி அப்படித் தோணுச்சு?" என்றார்.

"கடைசி நிமிஷத்துல தோணினதுதாங்க" என்றார் மாஸ்டர்.

கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். பிடித்தேன் என்ன, அவர்தான் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"இல்ல மாஸ்டர். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப வேணும்னேதான் நின்னே."

"ஆமா."

"நல்லாத்தானே வந்துச்சு?"

"நல்லா வரணும்னு நான் நிக்கல."

சிரித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருஷமாவா? ஒரு நோட்டுக்கா?"

"அப்ப அது என்னுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாமயா எடுத்தேன்? நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சாமி பாட்டுல உன்னுது என்னுதுன்னு என்னம்மா இருக்கு?"

"அப்புறம் தாள்ல உங்க பேரு மட்டும் எதுக்கு மாஸ்டர்?"

குழாயை மூடினார். கையை உதறினார். "சாம்பார்ல இன்னிக்கு உப்பு கம்மி, கவனிச்சியா?" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்.

என் சுரத்தை எடுத்தார். அதை வைத்து அவரை அடிக்கப் போனேன். அடியையும் எடுத்துக்கொண்டார்.

சபை என்னிடமே பொறுப்பைக் கொடுத்தது. வேறு யாருக்கும் தாள் எழுத வராது. மாஸ்டர் வீட்டில் உட்காரவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு முன்னாடியே வந்து, பேஸ் வரிசையின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். "நான் சும்மா ஒரு ஆளும்மா. நீ நடத்து" என்றார்.

குருத்தோலை ஞாயிறுக்கு ஒரு பாட்டு எடுத்திருந்தேன். பேஸுக்கு ஓரிடத்தில் ஃபாவிலிருந்து ஸோவுக்கு ஒரே எட்டு. ஐந்து ஆண்கள் எட்டு வைத்தார்கள். ஒரு குரல் மட்டும் நடுவில் நின்று, சுழித்து, ஏறியது. கிழட்டுக் குரல். ஓரத்தில் கிழிந்திருந்தது. என் முதுகு சிலிர்த்தது. இதுதான் உண்மை, முதலில் சிலிர்த்தது. அதற்குப் பிறகுதான் நான் கையைத் தட்டி நிறுத்தினேன்.

"யாரு அங்க சுருதி விட்டுப் பாடுறது?"

இருபத்திரண்டு வருடம் வளர்த்த வாக்கியம். வாயிலிருந்து வந்தபோது கனமே இல்லை. நான் அன்று செய்யாததை அவர் செய்தார். நாற்காலியின் கையைப் பிடித்து, மூட்டு நெறிபட எழுந்து நின்றார்.

"நான்தாம்மா."

"ஏன்?"

"தாண்ட முடியல. நடுவுல ஒரு படி வச்சுக்கிட்டேன்."

"இது கோயில் மாஸ்டர். கடைசி பெஞ்சில போயி உக்காருங்க. கேட்டுக் கத்துக்குங்க."

தையற்கார அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஒவ்வொரு பெஞ்சின் முனையையும் பிடித்துப் பிடித்து நடந்தார். பதினான்கு பெஞ்ச். எண்ணினேன். உட்கார்ந்தார். மறுபடி பாடச் சொன்னேன். அந்த இடம் வந்தது. ஐந்து பேரும் சரியாகத் தாண்டினார்கள். நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. இதுவரை அது எனக்குக் கேட்டதில்லை. இனிமேல் கேட்காமல் இருக்கப்போவதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை புதிய தாளோடு போனேன். மாஸ்டர் வந்திருந்தார், கடைசி பெஞ்சில். "வாங்க, உங்க இடத்துக்கு வாங்க" என்றேன். வந்தார். ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுத்தேன். "பேஸ், இங்க கவனிங்க. ஃபாவுக்கும் ஸோவுக்கும் நடுவுல ஒரு படி வச்சிருக்கேன்."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்த வரியை விரலால் தொட்டார். பிறகு விரல் தாளின் அடிக்கு வந்தது. அங்கே 'இசை ஒழுங்கு' என்று போட்டு என் பெயர் இருந்தது. முதல் சுரத்துக்கு மூச்சு எடுத்தார்.

பாடினார்கள். ஆறு ஆண்களும் அந்தப் படியில் நின்று, சுழித்து, ஏறினார்கள். மிக நன்றாக இருந்தது.

முடிந்ததும் தையற்கார அக்கா பக்கத்தில் வந்தாள். தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இது அவர் பாடினதுதானே?"

"இருக்கட்டும்க்கா" என்றேன்.

இந்த முறை அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.